விலை இறங்கவில்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது: மலாவி பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மலாவியிலிருந்து நமக்கு வரும் துவரையைப் பற்றி எழுதியபோது, "அந்த நாட்டில் விலைவாசி ஆண்டுக்கு 30 சதவீதத்தை ஒட்டி ஏறிக்கொண்டிருக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். மலாவி தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடலே தொடாத நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது; மக்கள் இரண்டு கோடிக்குச் சற்று மேல். தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக் மூன்றும் சுற்றிலும் நிற்கின்றன. தலைநகர் லிலோங்வே, வியாபார நகரம் பிளான்டயர்.

2024 அக்டோபரில் மலாவியின் பணவீக்கம் 32.4 சதவீதம், அடுத்த மாதமே 27.0 என்று படித்தேன். ஒரே மாதத்தில் ஐந்து புள்ளிக்கு மேல் இறங்க அங்கே என்னதான் நடந்தது?
— பொருளாதார மாணவி, திருச்சி

அந்த மாதம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது அதற்கு ஓராண்டு முன்பு. 2023 நவம்பர் 9ஆம் தேதி மலாவி ரிசர்வ் வங்கி ஒரு டாலரின் விலையை சுமார் 1,180 குவாச்சாவிலிருந்து (குவாச்சா அந்த நாட்டு நாணயம்) 1,700க்கு ஏற்றியது. பெட்ரோல், உரம், சமையல் எண்ணெய், சோப்பு என்று எல்லாம் ஒரே மாதத்தில் எகிறின. 2023 அக்டோபரில் 26.9 ஆக இருந்த பணவீக்கம் நவம்பரில் 33.1 ஆனது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆண்டுப் பணவீக்கம் என்பது இந்த மாதத்து விலைக் குறியீட்டை (மக்கள் வாங்கும் பொருள்களின் விலையை மொத்தமாகக் காட்டும் எண்) போன ஆண்டு இதே மாதத்துக் குறியீட்டால் வகுத்துப் பார்ப்பது. 2023 அக்டோபர் குறியீடு 100 என்று வையுங்கள். நவம்பரில் அது 106க்குத் தாவியது என்று கொள்வோம் (106 என்பது விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட எண்). ஓராண்டு கழித்து 2024 அக்டோபரில் 132.4, நவம்பரில் 134.6. இந்த 134.6ஐ 106ஆல் வகுத்தால் 1.27, அதாவது 27 சதவீதம். அக்டோபரிலிருந்து நவம்பருக்குள் விலை 1.7 சதவீதம் ஏறியிருக்கிறது. பத்திரிகைத் தலைப்போ "பணவீக்கம் சரிந்தது" என்கிறது. தலைப்பு பொய்யில்லை. வகுக்கும் எண் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். லிலோங்வே சந்தையில் யாரும் ஒரு குவாச்சாகூடக் குறைக்கவில்லை.

எனவே இந்த மாதிரி நாட்டின் எண்ணைப் படிக்கும்போது ஆண்டு விகிதத்தோடு மாத விகிதத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2 சதவீதம் என்றால் கூட்டு வட்டிபோலப் பெருகி ஆண்டுக்கு 26.8 ஆகும். உணவு, உணவல்லாதவை இரண்டையும் தனித்தனியே பாருங்கள். 2024 ஜனவரியில் மொத்தப் பணவீக்கம் 35.0, உணவு மட்டும் 44.9. ஸோம்பா நகரில் இருக்கும் தேசியப் புள்ளியியல் அலுவலகம்தான் இவற்றை மாதாமாதம் வெளியிடுகிறது.

மலாவிக்காரர்கள் அவர்களே மக்காச்சோளம் விளைவித்து அவர்களே சாப்பிடுகிறார்கள் என்கிறீர்கள். சொந்த வயலில் விளைவதற்கு விலையேற்றம் எங்கிருந்து வருகிறது?
— விவசாயி, மன்னார்குடி

ஐயா, இது நல்ல கேள்வி. அந்த நாட்டுப் பணவீக்கத்தின் பாதிக் கதை இதற்குள் இருக்கிறது.

அங்கே சாப்பாடு என்றால் ன்சிமா. மக்காச்சோள மாவில் கிண்டுவது; நம் கேழ்வரகுக் களியை வெள்ளை நிறத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். விலைக் குறியீட்டின் கூடையில் உணவின் பங்கு பாதிக்கும் மேல். அதில் மக்காச்சோளத்துக்குத்தான் முதலிடம். மழையை நம்பிய ஒரே பட்டம். நவம்பர், டிசம்பரில் விதைப்பு. ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலம் ஒரு ஹெக்டேருக்கும் குறைவு.

அறுவடை முடிந்த கையோடு பணம் வேண்டும். கடன் அடைக்க வேண்டும், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். சிறு வியாபாரி சைக்கிளிலோ லாரியிலோ வயலுக்கே வருவார். பல இடங்களில் தராசு இருக்காது, வாளிதான் அளவு. அந்த வாளி எத்தனை கிலோ பிடிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை தரையில் கிடக்கும். விற்ற அதே குடும்பம் டிசம்பரில் குதிர் காலியாகி, ஜனவரி, பிப்ரவரியில் அதே சோளத்தைச் சந்தையில் வாங்கும். அந்த நேரத்து விலை அறுவடைக்கால விலையைப் போல இரண்டு மடங்கு ஆவது அபூர்வமில்லை. வாங்கக் காசில்லாதவர்கள் 'கன்யு' என்ற கூலி வேலைக்கு அடுத்தவர் வயலுக்குப் போவார்கள். தன் வயலில் களை எடுக்க வேண்டிய வாரத்தில் பிறர் வயலில் நிற்பதால், அடுத்த அறுவடையும் குறைகிறது. இந்த வட்டத்தை எந்த வட்டி விகிதத்தாலும் உடைக்க முடியாது.

"அப்படியானால் விற்காமல் வைத்திருக்கலாமே" என்று கேட்பீர்கள். வைத்திருந்தால் பூச்சி தின்னும். கூன்வண்டு நமக்கும் தெரிந்ததுதான். அதோடு பெரிய தானியத் துளைப்பான் என்று ஒரு வண்டு இருக்கிறது. சில மாதங்களில் ஒரு மூட்டையைப் பாதி மாவாக்கிவிடும். இதற்கு அங்கே பரவிவரும் வழி காற்றுப்புகாத மூன்றடுக்குப் பை: உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் உறைகள், வெளியே ஒரு நெய்த சாக்கு. தானியத்தைக் கொட்டி, காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றி, முதல் உறையின் வாயை முறுக்கி, மடித்து, கட்ட வேண்டும். பிறகு இரண்டாவது உறை, பிறகு சாக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் பூச்சி மிச்சக் காற்றைத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். மருந்து தேவையில்லை.

இதில் தவறுவது மூன்று இடங்களில். எலி ஓட்டை போட்டால் பை வெறும் சாக்காகிவிடும். அதனால் சுவரிலிருந்து தள்ளி, மரக்கட்டை மேல் வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை திறந்து இரண்டு கிலோ எடுத்தால் புதுக்காற்று போய்ப் பூச்சி பிழைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு ஒரு பை, இருப்புக்கு வேறு பை என்று பிரித்துவிட வேண்டும். மூன்றாவது ஈரம். 13 சதவீதத்துக்கு மேல் ஈரமிருந்தால் பூஞ்சை பிடித்து நஞ்சாகும். ஈரமானி இல்லாதவர்கள் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் சோளமும் நன்கு காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கிச் சில நிமிடம் வைப்பார்கள். உப்பு பாட்டிலின் ஓரத்தில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும். நம்மூரிலும் செய்து பார்க்கலாம்.

அரசாங்கத்தின் பங்குக்கு ஆட்மார்க் என்ற கொள்முதல் நிறுவனம் 1971 முதல் இருக்கிறது. அறுவடையில் வாங்கி, பஞ்ச மாதங்களில் மலிவாக விற்பது அதன் வேலை. அறுவடை நேரத்தில் அதன் கையில் பணம் தாமதமாக வரும். அதற்குள் வியாபாரிகள் வாங்கி முடித்திருப்பார்கள். பிறகு பிப்ரவரியில் அதன் கிடங்கு வாசலில் வரிசை நிற்கும், உள்ளே சரக்கு போதாது. இத்தனைக்கும் நடுவே 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்குப் பகுதியைத் துடைத்துப்போட்டது. 2024இல் எல் நினோ வறட்சி, 28 மாவட்டங்களில் 23 பேரிடர்ப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அடுத்தடுத்து இரண்டு மோசமான அறுவடைகள்.

குவாச்சா என்றால் என்ன பொருள்?
— வாசகர், ஆம்பூர்

விடியல். 1971இல் மலாவி பவுண்டுக்குப் பதிலாக வந்தது, ஒரு பவுண்டுக்கு இரண்டு குவாச்சா என்ற கணக்கில். பக்கத்து நாடான சாம்பியாவின் நாணயத்துக்கும் இதே பெயர், ஆனால் இரண்டும் வேறு. மாற்று விகிதம் தேடும்போது குழம்பாதீர்கள். 2022இல் 5,000 குவாச்சா தாள் வந்தது. அதுவே விலைவாசியின் கதையைச் சொல்லிவிடும்.

இது ஜிம்பாப்வே போல ஆகிவிடுமா?
— வாசகர், சேலம்

அதற்கும் இதற்கும் வெகு தூரம். அதிபணவீக்கம் என்று பொருளாதாரத்தில் சொல்வது மாதத்துக்கு 50 சதவீதம் ஏறினால். மலாவியில் ஆண்டுக்கு 28 என்று வைத்தால் மாதத்துக்கு 2.1 சதவீதம்தான். இதைவிட மோசமான காலத்தையும் அந்த நாடு பார்த்திருக்கிறது: 1995இல் ஆண்டுச் சராசரி 83 சதவீதம், 2013 பிப்ரவரியில் 37.9. அதேபோல நல்ல காலமும் இருந்தது. 2018 முதல் 2021 வரை நான்கு ஆண்டுகளும் சராசரி 10க்குக் கீழே. எனவே "ஆப்பிரிக்கா என்றாலே இப்படித்தான்" என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதை ஏற்பதற்கில்லை.

நான் வங்கியில் 34 ஆண்டுகள் இருந்தவன். மலாவி ரிசர்வ் வங்கி வட்டியை 26 சதவீதத்துக்கு ஏற்றியும் பணவீக்கம் அசையவில்லையே. பாடப்புத்தகம் தவறா, அவர்கள் தவறா?
— ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மதுரை

பாடப்புத்தகத்தில் சொல்லப்படும் கருவி வேலை செய்யச் சில பாகங்கள் வேண்டும். அங்கே பாதிப் பாகங்கள் இல்லை.

முதலில் ஏற்றம் வந்த வரிசை: 2022 தொடக்கத்தில் 12, அந்த ஏப்ரலில் 14, அக்டோபரில் 18, 2023 ஏப்ரலில் 22, ஜூலையில் 24, 2024 பிப்ரவரியில் 26. பிறகு ஓராண்டுக்கும் மேல் அங்கேயே. ஆனால் 2024இல் பணவீக்கத்தின் சராசரி 32ஐ ஒட்டி இருந்தது. 26 சதவீதத்துக்குக் கடன் வாங்கிச் சரக்கு வாங்கிப் போட்டவருக்கு ஓராண்டில் சரக்கு 32 சதவீதம் ஏறியிருந்தால் அவர் லாபத்தில்தான் இருக்கிறார். கேட்க உயர்ந்த வட்டி. நடப்பில் அது எதிர்மறை வட்டி.

அடுத்தது, யார் கடன் வாங்குகிறார்கள் என்பது. பெரிய கடனாளி அரசாங்கமே. நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய ஆண்டுகள் இவை. வட்டி ஏறியதால் அரசு செலவைக் குறைக்கவில்லை. ஏறிய வட்டியைக் கட்டவும் சேர்த்துக் கடன் வாங்கியது. வணிக வங்கிகளுக்கு அரசுப் பத்திரம் வாங்குவது சுகமான தொழில். தையல்கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் கடன் கொடுத்து அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது பாகம், மக்கள். பெரும்பாலோர் வங்கியில் கடன் வாங்குவதே இல்லை. கிராமத்தில் இருப்பது 'பேங்க் ம்கோண்டே', சொல்லுக்குச் சொல் நம் திண்ணை வங்கி. பெரும்பாலும் பெண்கள், பதினைந்து இருபது பேர் வாரம் ஒருமுறை கூடிப் பங்கு போடுவார்கள். பணம் மூன்று பூட்டுப் போட்ட பெட்டியில். மூன்று சாவியும் மூன்று பேரிடம். அதிலிருந்தே கடன், வட்டி மாதக்கணக்கில். ஆண்டு முடிவில் பெட்டியைத் திறந்து பிரித்துக்கொள்வார்கள். அங்கே மாதத்துக்கு 10 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு 120. இதற்கு வெளியே 'கட்டபிலா' என்று ஒன்று உண்டு; நம் கந்துவட்டியின் அண்ணன். இவர்களுக்கு லிலோங்வேயில் 24ஐ 26 ஆக்கியது காதில்கூட விழாது.

இவற்றையெல்லாம் விட முக்கியம், ஏறுவது எது என்பது. ஏறுவது மக்காச்சோளமும் டாலரில் வாங்கும் பொருள்களும். வட்டியை ஏற்றினால் மழை பெய்யாது, டாலரும் விளையாது. மலாவியின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய பாதி புகையிலை. அந்த ஏலம் ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வாக்கில் முடிந்துவிடும். இறக்குமதிச் செலவோ ஏற்றுமதியைப் போலச் சுமார் மூன்று மடங்கு. மழை தொடங்குவதற்குள் உரம் வாங்க வேண்டிய செப்டம்பர், அக்டோபரில் டாலர் தீர்ந்துபோகத் தொடங்கும். சோளக் குதிர் காலியாவதும் அதை ஒட்டித்தான். வயிற்றுக்கும் கஜானாவுக்கும் ஒரே பஞ்ச மாதங்கள். ஜனவரி, பிப்ரவரியில் அங்கே மாதப் பணவீக்கம் உயர்ந்து நிற்பதைப் பார்த்து யாரும் திடுக்கிட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் இறங்கினால்தான் ஏன் என்று விசாரிக்க வேண்டும்.

சர்வதேச நாணய நிதியத்தின் 17.5 கோடி டாலர் திட்டம் 2023 நவம்பரில் கையெழுத்தானது. நவம்பர் மாதத்து நாணய மதிப்புக் குறைப்பும் அதை ஒட்டி வந்ததே. பதினெட்டு மாதம் ஒரு மறுஆய்வுகூட முடியாமல் 2025 மேயில் அந்தத் திட்டம் காலாவதியானது. மதிப்பைக் குறைத்தார்கள், அதோடு சேர்த்துச் செலவையும் குறைத்து, டாலர் விலையைச் சந்தைக்கு விட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாததால் கசப்பு மருந்தின் கசப்பு மட்டும் மிஞ்சியது என்பது எங்கள் கருத்து.

2023இல் குவாச்சாவை 44 சதவீதம் குறைத்ததாகச் சில இடங்களில், 31 சதவீதம் என்று வேறு இடங்களில். எது சரி?
— சி.ஏ. மாணவர், ஈரோடு

இரண்டும் சரி. 1,180 போய் 1,700 ஆனால் டாலரின் விலை 44 சதவீதம் ஏறியது. குவாச்சா பக்கமிருந்து பார்த்தால் 1,180ஐ 1,700ஆல் வகுக்க 0.694, மதிப்பில் 30.6 சதவீதம் போயிற்று. 2012 மே மாதம் 167இலிருந்து 250 ஆனபோதும் இதே குழப்பம்: ஒரு கணக்கில் ஏறக்குறைய 50, இன்னொரு கணக்கில் 33. இறக்குமதிச் செலவு எவ்வளவு கூடும் என்று பார்க்க முதல் எண். கையிருப்புச் சேமிப்பு டாலரில் எவ்வளவு கரைந்தது என்று பார்க்க இரண்டாவது.

மலாவியில் பெட்ரோல் விலை இரண்டு வருஷம் மாறவே இல்லையாம். டீசல் ஏறாமல் சரக்குக் கூலி மட்டும் எப்படி ஏறும்? நாங்கள் லாரி ஓட்டுகிறவர்கள், நம்ப முடியவில்லை.
— லாரி உரிமையாளர், நாமக்கல்

பலகையில் இருந்த விலைதான் மாறவில்லை. 2023 நவம்பரில் ஒரு லிட்டர் பெட்ரோல் 2,530 குவாச்சா, டீசல் 2,734 என்று எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்தது. 2025 செப்டம்பர் முடியும்வரை அதே விலை. விதிப்படி இறக்குமதிச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் மாறினால் விலையும் மாற வேண்டும். அரசு மாற்ற விடவில்லை.

இனி உங்கள் பாணியில் கணக்குப் போடுவோம். அதிகாரபூர்வ விலையில் டாலர் சுமார் 1,750. அப்படியானால் 2,530 குவாச்சா என்பது 1.45 டாலர். தெருவில் டாலர் 4,000ஐத் தாண்டிய 2025இல் அதே 2,530 என்பது 63 சென்ட்தான். வங்கியில் டாலர் கிடைத்தால் முதல் கணக்கு, கிடைக்காவிட்டால் இரண்டாவது. கிடைக்கவில்லை. இறக்குமதிக்கு வங்கிக் கடன்பத்திரம் (எல்.சி.) திறக்க டாலர் இல்லாததால் டாங்கர்கள் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்திலிருந்தும் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்தும் விட்டுவிட்டுத்தான் வந்தன. வந்த எண்ணெய்க்கு பெட்ரோல் பங்கில் ஒரு நாள், இரண்டு நாள் வரிசை. காத்திருக்க முடியாதவர் கேனில் விற்பவரிடம் பலகை விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்து வாங்கினார்.

உங்கள் லாரி இரண்டு நாள் வரிசையில் நின்றால் டிரைவர் படி, தவணை, ஓடாத நாள் நஷ்டம் எல்லாம் கூலியில்தானே ஏறும்? அங்கேயும் அதேதான். ஆனால் விலைக் குறியீட்டில் எரிபொருளுக்குப் பதிவாவது பலகை விலை. கேன் விலை சோளம், மீன், மினிபஸ் கட்டணம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் குறியீட்டுக்குள் வரும். 2025 அக்டோபர் தொடக்கத்தில் பெட்ரோல் ஒரே அறிவிப்பில் 3,400ஐத் தாண்டியது. இரண்டு ஆண்டுகளாகப் படிப்படியாக வந்திருக்க வேண்டியது, ஒரே நாளில்.

மலாவித் துவரை இறக்குமதி செய்ய நினைக்கிறேன். அங்கே விற்பவர் டாலர் விலையை அடிக்கடி ஏற்றுகிறார். குவாச்சா மதிப்பு குறைந்தால் எனக்கு மலிவாகத்தானே ஆக வேண்டும்? இன்னொன்று, பில்லில் விலையைக் குறைத்துப் போடலாமா என்றும் கேட்கிறார்.
— பருப்பு வணிகர், விருதுநகர்

குவாச்சா மதிப்பு குறைந்தால் மலிவாகும். ஆனால் 2023 நவம்பருக்குப் பிறகு, 2025 வரை, அதிகாரபூர்வ டாலர் விலை 1,750ஐ ஒட்டியே நின்றது. உள்நாட்டு விலை ஏறிக்கொண்டே இருந்தது. உதாரணக் கணக்கு: விவசாயிக்குக் கிலோவுக்கு 800 குவாச்சா கொடுத்தால் 1,750 விலையில் 46 சென்ட். ஓராண்டில் 28 சதவீதம் ஏறி 1,024 ஆனால், டாலர் விலை மாறாததால் அது 59 சென்ட். உங்கள் விற்பனையாளர் பேராசைக்காரராக இருக்கலாம். ஆனால் இந்த ஏற்றம் அவர் செய்ததில்லை.

அங்கே துவரைக்கு 'நன்டோலோ' என்று பெயர். தெற்கு மாவட்டங்களில் மக்காச்சோளத்துக்கு ஊடுபயிர். ஜூலை முதல் செப்டம்பர் வரை அறுவடை. உள்ளூர்ப் பயன்பாடு போக மிச்சத்தின் பெரும்பகுதி இந்தியாவை நம்பித்தான். 2021இல் ஆண்டுக்கு 50,000 டன் என்று ஐந்தாண்டுகளுக்கு இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. அதற்கு முன் 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு 2 லட்சம் டன் உச்சவரம்பு போட்டபோது அங்கே விலை நொறுங்கியது; அவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. எனவே நம் அரசின் இறக்குமதி அறிவிப்பு எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்துவிட்டுத்தான் கப்பல் தேதியைப் பேச வேண்டும்.

விலையைத் தூத்துக்குடி அல்லது சென்னைத் துறைமுகம்வரை டாலரில் பேசுங்கள். தோட்டத்து விலையோ லிலோங்வே கிடங்கு விலையோ வேண்டாம். டீசல் தட்டுப்பாட்டில் மொசாம்பிக் துறைமுகங்களான நகாலாவுக்கும் பெய்ராவுக்கும் போகும் லாரிக் கூலி யாராலும் ஊகிக்க முடியாதது, அந்த ஆபத்து விற்பவரிடமே இருக்கட்டும். விலைச்சொல்லுக்கு ஏழு நாள் காலக்கெடு போடுங்கள். ஏற்றுமதிக்கு முன் ஈரம், வண்டு, கல் மண் சோதனை. புகைமூட்டச் சான்றும் தாவர நலச் சான்றும் கட்டாயம். கையில் முன்பணம் கொடுக்காமல் வங்கிக் கடன்பத்திரம் மூலமே போங்கள்.

பில்லைக் குறைக்கும் விஷயம்: அவர் ஏன் கேட்கிறார் என்பது புரிகிறது. ஏற்றுமதி டாலரில் ஒரு பகுதியை அவர் வங்கியிடம் அதிகாரபூர்வ விலைக்கு ஒப்படைக்க வேண்டும்; அதே டாலருக்குத் தெருவில் இரண்டு மடங்கு. பில்லில் குறைத்து, மீதியை வெளிநாட்டில் வாங்கிக்கொண்டால் அவருக்கு லாபம். உங்களுக்கு அது சுங்கத்திலும் அந்நியச் செலாவணிச் சட்டத்திலும் வழக்கு. உங்கள் வங்கி பில் ஆஃப் என்ட்ரியையும் (சுங்கத்தில் நீங்கள் கொடுக்கும் இறக்குமதி அறிக்கை) அனுப்பிய தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்கும். மீதியை வங்கி வழியாக அனுப்ப வழியே இல்லை. மறுத்துவிடுங்கள். இப்படி ஒவ்வொரு கண்டெய்னரிலும் கொஞ்சம் கொஞ்சமாக டாலர் வெளியே தங்குவதும் அந்த நாட்டு வங்கிகளில் டாலர் இல்லாமல் போவதற்கு ஒரு காரணம்.

என் மகனுக்கு லிலோங்வேயில் கணக்கர் வேலை வந்திருக்கிறது. மாதம் 30 லட்சம் குவாச்சா என்கிறார்கள். லட்சக்கணக்கில் கேட்டதும் மகிழ்ச்சி, உங்கள் கட்டுரையைப் படித்ததும் பயம். அனுப்பலாமா?
— தாயார், கோயம்புத்தூர்

அம்மா, அனுப்பலாமா என்பதை நீங்களும் மகனும் முடிவு செய்யுங்கள். சம்பளத்தை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறோம்.

அதிகாரபூர்வ விலையில் 30 லட்சம் குவாச்சா என்பது சுமார் 1,700 டாலர். ஆண்டு முழுக்கச் சம்பளம் ஏறாமல், விலைவாசி 28 சதவீதம் ஏறினால், பன்னிரண்டாவது மாதம் அந்த 30 லட்சம் இன்றைய 23.4 லட்சத்துக்குச் சமம். எனவே ஆண்டுக்கு ஒருமுறை உயர்வு என்ற ஒப்பந்தம் போதாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு 13 சதவீதம் கிடைத்தால்தான் இருந்த இடத்தில் இருப்பார். வீடு, எரிபொருள், மருத்துவம் மூன்றையும் பணமாக வாங்காமல் நிறுவனமே நேராக ஏற்பதாக எழுதி வாங்குவது நல்லது. வேகமாக ஏறும் செலவுகள் அவர்கள் தலையில் போகும்.

அடுத்தது, ஊருக்குப் பணம் அனுப்புவது. குவாச்சாவைக் கணக்கில் வைத்திருப்பது ஒன்று, வங்கி அதற்கு டாலர் கொடுப்பது வேறொன்று. வேலை அனுமதி, ஒப்பந்த நகல், சம்பளச் சீட்டு எல்லாம் சரியாகக் கொடுத்தும் வாரக்கணக்கில் வரிசை இருக்கும். பொறுமை இழந்து தெருவில் மாற்றினால் சட்டவிரோதம்; பிடிபட்டால் வேலை அனுமதியே போகும். மிச்சப் பணத்தை அங்கே வங்கி வைப்பில் போட்டால் வரும் வட்டி பணவீக்கத்தைத் தொடாது.

ஆகவே பேரம் பேச ஒரே இடம்தான் இருந்தால், சம்பளத் தொகையைக் கூட்டச் சொல்வதைவிட, அதில் பாதியையாவது நிறுவனத்தின் வெளிநாட்டுக் கணக்கிலிருந்து நேராக அவருடைய இந்திய வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் அந்தத் தொகை டாலரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "டாலருக்கு இணையான குவாச்சா" என்று இருந்தால், எந்த நாளின் எந்த விலைப்படி என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடட்டும்.